ஹாஸ்டல்ல தூக்கம் வரலைன்னு கேட்ட கோபி தம்பிக்கு

தம்பி, ஊர்ல பத்து மணிக்கே படுத்துட்டிருந்தேன், கோயமுத்தூர் ஹாஸ்டல் வந்ததுல இருந்து ரெண்டு மணி ஆகுது, டிபன் சாப்பிடாம மொத பீரியட்ல தூங்கி விழறேன்னு எழுதியிருக்கீங்க. சீக்கிரம் படுக்கோணும்னு பாடுபடாதீங்க, ரூம்ல எல்லாரும் முழிச்சிருக்கறப்ப தூக்கம் எங்க வரும், எந்திரிக்கிற நேரத்தைத்தான் புடிக்கோணும். ஞாயித்துக்கிழமையும் சேத்து தெனமும் ஆறரைக்கு எந்திரிச்சு மொகம் கழுவுன கையோட வெளிய வந்து சித்த நேரம் நடங்க, வெடியால வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் உடம்புக்குள்ள இருக்கற கடிகாரம் முன்னாடி நகரும், ராத்திரி தூக்கமும் தானா முன்னால வரும், ஆனா ஒரே நாள்ல நடக்காது, ஒண்ணு ரெண்டு வாரம் விடாம பண்ணோணும். பொழுதோட காபி, டீ வேண்டாங்க, குடிச்சு அஞ்சு மணி நேரம் ஆனாலும் அதுல பாதி ஒடம்புலயே இருக்கும். மத்தியானம் தூங்குனா 20 நிமிஷம் போதும்.

மெஸ் இட்லி புடிக்கலைன்னா வாழப்பழம், கடலை முட்டாயாச்சும் சாப்பிட்டுட்டு கிளாஸுக்கு போங்க. வாராவாரம் காந்திபுரத்துல பஸ் ஏறி ஊருக்கு ஓடுனா இங்க பழகவே பழகாது, அம்மாகிட்ட தெனமும் போன்ல பேசுங்க, அது வேற.

இவ்வளவும் பண்ணியும் தூக்கமில்லாம மனசு பாரமா இருந்தா டாக்டரைப் பாருங்க, இல்ல 14416க்கு போன் பண்ணுங்க, அது கவர்மெண்ட் நடத்தற டெலி மானஸ்ங்கற மனநல உதவி லைன், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.