பெயரைச் சொன்னவருக்கு என்ன தண்டனை?

கேள்வி: பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 9 பேருக்கும் சாகும்வரை சிறை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை?
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: 2025 மே 13 அன்று தீர்ப்பைக் கேட்டபோது எனக்கும் நிம்மதிதான். சாட்சிகளில் ஒருவர்கூடச் சொன்னதை மாற்றிப் பிறழவில்லை. எவ்வளவு பெரிய மன உறுதி! ஆனால் 2019-ஐ என்னால் மறக்க முடியவில்லை. பெண்களை வீடியோ எடுத்து, அதைக் காட்டி மிரட்டியவர்களுக்குப் பலமே ‘வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்’ என்ற பயம்தான். அதையும் மீறிப் புகார் கொடுத்தாள் ஒரு பெண். அவள் அண்ணனை அடித்தார்கள். சரி, அவர்கள் ரவுடிகள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பேட்டியில் அவள் பெயரைச் சொன்னாரே! அரசாணையிலும் அந்தப் பெயர் அச்சானது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அதிகாரியை அங்கிருந்து மாற்றினார்கள். அது எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை.