சிங்கம் தூங்கினால் தூங்கட்டும்

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறோம். மகன் தொடக்கநிலை 2, மகளுக்கு மூன்று வயது. மாமனாருக்கு 71; முழங்கால் வலி உண்டு. ஜூன் விடுமுறையில் எல்லாரும் விலங்குத் தோட்டத்துக்குப் போனோம். பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்து, வரைபடத்தில் இருந்த அத்தனையையும் பார்த்துவிட நடந்தோம். சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் ஓயாமல் அழுதாள். மாமனார் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். வீடு திரும்பும்போது எனக்கும் கணவருக்கும் சண்டை. அன்றிரவு மகன், "புலி ஏம்மா காட்டுக்குப் போகல? அது ஜெயில்ல இருக்கா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஆண்டிறுதி விடுமுறைக்கு மீன் காட்சியகம் போகலாம் என்கிறார் கணவர். போவதா, வேண்டாமா?
- யீஷூன் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். ஆனால் போகும் விதத்தை மாற்றிக்கொண்டு போங்கள். ஜூன் மாதம் நடந்ததற்கு யாரும் காரணமில்லை. பதினொரு மணிதான் காரணம். நம் ஊர் வெயிலில் அந்த நேரத்துக்கு எந்த விலங்கும் நிழலைத் தேடிப் படுத்துவிடும். அதிலும் சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி. அது எழுந்து நிற்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

மண்டாய் விலங்குத் தோட்டம் காலை 8.30க்குத் திறக்கிறது. நீங்கள் இருப்பதோ யீஷூன். பக்கத்து நிலையமான காத்திப்பிலிருந்து மண்டாய்க்கு இணைப்புப் பேருந்து இருக்கிறது. திறக்கும்போதே உள்ளே இருங்கள், பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். மூன்று மணி நேரத்தில் நான்கு விலங்கு பார்த்தால் போதும். "அவ்வளவு காசு கொடுத்து நான்குதானா?" என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயம்தான். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் கட்டணமில்லை, உங்கள் மகள் இப்போது அதைத் தாண்டிவிட்டாள். ஆனால் 60 வயதைத் தாண்டிய உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணம் குறைவு. ஆண்டு உறுப்பியமும் இருக்கிறது. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை போவீர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் உறுப்பினர் அட்டை இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கும் அவசரம் வராது. உங்கள் வீட்டுச் சண்டைக்கே அந்த அவசரம்தான் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஓராங் ஊத்தானிடம் போங்கள். அங்கே அவை தலைக்கு மேலே மரத்துக்கு மரம் தாவும். குட்டியோடு ஒரு தாய் இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். குட்டி எப்படித் தாயின் விலா முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, தாய் எப்படி எடையைச் சோதித்துப் பார்த்து அடுத்த கிளையைப் பிடிக்கிறது என்று மகனைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஓராங் ஊத்தான் குட்டி ஏழெட்டு வயதுவரை தாயோடுதான் இருக்கும். "உன் வயசு வரைக்கும் அது அம்மாவ விட்டுப் பிரியாதுடா" என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு அவனை அங்கிருந்து கிளப்புவதுதான் சிரமம்.

ஆண்டிறுதி என்பதால் மழை நிச்சயம். அன்றைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரிவர் வொண்டர்ஸ் என்ற ஆற்று விலங்குப் பூங்கா கைகொடுக்கும். அங்கே கூரைக்குக் கீழேயே நிறையப் பார்க்கலாம். எல்லாரும் பாண்டாவிடம் ஓடுவார்கள். நீங்கள் மேனட்டீ என்ற கடற்பசு இனம் இருக்கும் பெரிய கண்ணாடித் தொட்டிக்குப் போங்கள். போன வருடம் என் பேரனோடு அங்கே முக்கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அது கீரையைத் தின்பதைப் பார்க்க வேண்டும்! மேலுதடு இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் தனித்தனி விரல் மாதிரி இலையைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. இடையிடையே மேலே வந்து மூக்குத் துளையைத் திறந்து மூச்சு விட்டு, மூடிக்கொண்டு இறங்குகிறது. இது யானைக்குத் தூரத்துச் சொந்தம். துடுப்பின் நுனியில் யானைக்கு இருப்பது போலவே நகம் இருக்கும். அந்த நகத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை மகனிடம் கொடுங்கள். சின்னவளுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம். அவள் உயரத்துக்கு நேராக அந்தப் பெரிய முகம் வந்து நிற்கும், அது போதும்.

செந்தோசா மீன் காட்சியகம் பற்றிக் கேட்டீர்கள். 2012இல் திறந்த எஸ்.இ.ஏ. அக்வேரியம்தான் 2025 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் மூன்று மடங்கு பெரிதாகியிருக்கிறது. குளிர்ச்சியான இடம், வெயில் இல்லை. மாமனாரின் காலுக்கும் நல்லது. ஆனால் இருட்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் பயம் வரலாம், கையைப் பிடித்துக்கொண்டே போங்கள். அங்கேயும் இதே கணக்குதான்: நான்கு இடம், போதுமான நேரம். கண்ணாடியைத் தட்டக்கூடாது, கேமரா ஃபிளாஷ் கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

காசே செலவழிக்காமல் ஒரு நாள் வேண்டுமென்றால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். அனுமதி இலவசம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால், பலகைப் பாதையிலிருந்தே சேற்றில் துள்ளும் சேற்று மீன்களைக் காணலாம். கண் காய்ந்ததும் அதைக் கண்குழிக்குள் இழுத்து நனைத்துக்கொண்டு மறுபடி வெளியே தூக்கும். மீன் ஒன்று நிலத்தில் உட்கார்ந்து கண் சிமிட்டுவதைப் பார்த்த பிள்ளை அதை லேசில் மறக்காது. வெளிநாட்டுப் பறவைகளும் மார்ச் வரை இருக்கும். முதலை நடமாட்டம் உண்டு, அதனால் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

சரி, மகனின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். தயவுசெய்து "இல்லப்பா, அது சந்தோஷமா இருக்கு" என்று சமாளித்துவிடாதீர்கள். அவன் உண்மையாகக் கேட்டிருக்கிறான். இங்கே இருப்பவற்றில் நிறைய, மனிதர்களின் பராமரிப்பிலேயே பிறந்தவை, காட்டில் விட்டால் வேட்டையாடத் தெரியாது என்று சொல்லுங்கள். அவை வாழும் காடுகள் குறைந்துகொண்டே வருவதையும் சொல்லுங்கள். அப்புறம் இனுக்காவின் கதையைச் சொல்லுங்கள். 1990இல் இங்கேயே பிறந்த துருவக் கரடி, வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் துருவக் கரடி. 2018 ஏப்ரலில், 27 வயதில், முதுமையில் நோயுற்றதால் கருணைக்கொலை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு இங்கே துருவக் கரடி வளர்ப்பதில்லை என்று விலங்குத் தோட்டமே முடிவு செய்துவிட்டது. அவன் கேட்ட அதே கேள்வியைப் பெரியவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியட்டும். மீதியை அவன் வளர வளர யோசிப்பான்.

கடைசியாக, மாமனார். அவரைச் சுமையாக நினைக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கடிதத்தில் அவர் முழங்கால் வலியாக மட்டுமே வருகிறார். இந்த ஊரிலேயே வளர்ந்தவர் என்றால், ஃபோர்ட் கேனிங் மலையடிவாரத்தில் இருந்த வான் கிளீஃப் மீன் காட்சியகத்துக்குச் சிறு வயதில் போயிருக்கலாம். 1955இல் திறந்து 1996இல் மூடியது அது. மண்டாய்த் தோட்டம் 1973 ஜூனில் திறந்தபோது அவர் வாலிபர். நம் குடும்பங்கள் பலவற்றின் பழைய ஆல்பத்தில் ஆ மெங் என்ற ஓராங் ஊத்தானோடு எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். இருந்தால் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய், ஓராங் ஊத்தான் மரத்தடியில் தாத்தாவைப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டு, நீங்களும் கணவரும் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.