தூண்டில் பட்டறை: வாசகர் கேள்விகள்

எண்ணூர் வாசகர்: முகத்துவாரத்தில் கொடுவா பிடிக்க ஏழடி பிளாங்க் (எதுவும் பொருத்தாத வெறும் தூண்டில் கம்பு) வாங்கியிருக்கிறேன். ரீல் சீட், அதாவது ரீலைப் பூட்டும் குழாய், உட்காரும் இடத்தில் பிளாங்கின் தடிமன் 11 மி.மீ. ரீல் 4000 அளவு. ரீல் சீட்டில் 16, 17, 18, 20 என்று எண் போட்டிருக்கிறது. "பிளாங்க் உள்ளே போனால் போதும், எதுவானாலும் எடுத்துக்கோங்க" என்கிறார் கடைக்காரர். சரியா?

அவருக்கு சரக்கு தீர்ந்தால் சரி. அந்த எண் சீட்டின் உள்துளை, ஏறத்தாழ மில்லிமீட்டரில். துளை பெரிதானால் வெளிச்சுற்றும் பருக்கும். நாள் முழுக்க லூர் (செயற்கை இரை) வீசி வீசி இழுக்கிற ராடில் உங்கள் உள்ளங்கை பிடித்திருப்பது அந்தச் சுற்றைத்தான். 20 வாங்கினால் மணிக்கட்டு மாலைக்குள் புகார் சொல்லும். உங்களுக்கு 16 அல்லது 17. கை சின்னதென்றால் யோசிக்காமல் 16.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரீலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ரீலின் காலை சீட்டின் நிலையான ஹூட்டுக்குள் (காலைக் கவ்வும் மூடிக்குள்) நுழைத்து, நட்டை விரலால் மட்டும் இறுக்கி, ரீலைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். பெரிய ரீலின் கால் சின்ன சீட்டுக்குள் பாதியில் நின்றுவிடும். சின்ன ரீலின் கால் பெரிய சீட்டுக்குள் வசதியாக நுழையும், ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நடுக்கம் மிச்சமிருக்கும். ஒட்டிய பிறகு தெரிந்து பயனில்லை. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் காலின் நீளத்தையும் இரண்டு முனைகளின் தடிமனையும் வெர்னியரில் அளந்து, விற்கிறவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

16-க்கும் 11-க்கும் இடையில் 5 மி.மீ., அதாவது சுற்றிலும் இரண்டரை மி.மீ. இடைவெளி. அதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

தூத்துக்குடி வாசகர்: மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, எபாக்சி தடவித்தான் சீட் ஒட்டினேன். ஒரு வருஷத்தில் சீட் பிளாங்கின் மேல் சுழல ஆரம்பித்துவிட்டது. பசை மட்டமா?

பசையைத் திட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் டேப் சீட்டின் முழு நீளத்துக்கும் இடைவெளியே இல்லாமல் சுற்றியிருக்கிறது. அப்படிச் சுற்றினால் எபாக்சிக்கும் பிளாங்குக்கும் சம்பந்தமே இல்லை. சீட்டை எபாக்சி பிடித்திருக்கிறது, எபாக்சியைக் காகிதம் பிடித்திருக்கிறது, காகிதத்தை பிளாங்கோடு பிடித்திருப்பது டேப்பின் கோந்து. அதில் உப்புத்தண்ணீர் இறங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

டேப் சீட்டை நடுவில் நிறுத்துவதற்கு மட்டும்தான். ஒட்டுகிற வேலை அதனுடையது இல்லை. அரை அங்குல அகலத்தில் மூன்று நான்கு வளையங்களாகச் சுற்றுங்கள். நடுநடுவே கால் அங்குலம் பிளாங்க் வெறுமையாகத் தெரியட்டும். பிளாங்க் நுனியை நோக்கி மெலிகிறது என்பதால் முன் வளையத்துக்கு இரண்டு சுற்று கூடுதலாக வேண்டியிருக்கும். சீட்டை மாட்டிப் பாருங்கள்: லேசாகத் திருகினால் வழுக்கிப் போக வேண்டும். அழுத்தித் தள்ளவேண்டி வந்தால் போகிற வழியில் பசையை எல்லாம் அதுவே வழித்துத் தள்ளிவிடும். ஒரு சுற்று பிரித்துவிடுங்கள். முனை வளையங்களை சீட்டின் வாயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியே சுற்றுங்கள், காகிதத்தின் ஓரம் வெளியே தெரியக்கூடாது. அந்த வாய் முழுக்க எபாக்சியால் அடைபட வேண்டும்.

சீட்டின் உள்பக்கம் வழவழவென்று இருக்கும். ஒரு குச்சியில் உப்புத்தாள் சுற்றி உள்ளே விட்டுத் தேயுங்கள். பிளாங்கிலும் சீட் மறைக்கப்போகிற இடத்தில் மட்டும் பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். அப்புறம் விரல் படக்கூடாது. மெதுவாக இறுகுகிற எபாக்சிதான் வேண்டும். ஐந்து நிமிடப் பசை நம் ஊர் வெயிலில் சீட்டை நேராக்குவதற்குள் கல்லாகிவிடும். இடைவெளிகளை நிரப்பி, வளையங்களின் மேலும் சீட்டின் உள்ளேயும் பூசி, திருகிக்கொண்டே ஏற்றுங்கள். வாயில் பிதுங்குவதை ஸ்பிரிட் துணியால் துடையுங்கள். மரைக்கு முன்கூட்டியே டேப் சுற்றி வையுங்கள், அதில் பசை ஏறினால் சீட் போச்சு. ரீலை மாட்டி நேர் பார்த்து, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், சீட் மெதுவாகத் திரும்பியிருக்கும். பிறகு மறுநாள் வரை தொடவேண்டாம்.

இடைவெளி சுற்றிலும் 3 மி.மீ.க்கு மேல் போனால் டேப்பை விட்டுவிட்டு பாலியூரித்தேன் நுரை ஆர்பர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) வாங்கித் துளையைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

பழைய சீட்டைக் கழற்ற ஹீட் கன் காட்டச் சொல்வார்கள். காட்டாதீர்கள், கார்பனைப் பிணைத்திருக்கும் ரெசினும் சேர்ந்து கெடும். சீட்டின் நீளவாக்கில் அறுத்து, டேப் தெரிந்ததும் நிறுத்தி, நெம்பி எடுங்கள். இந்த ஒரு வேலையில் உங்கள் டேப் உதவும்.

நாகர்கோவில் வாசகர்: கரையிலிருந்து வீசும் 13 அடி ராடுக்கு சீட்டை அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது? நட்டு முன்னால் வரவேண்டுமா, பின்னாலா?

அடுத்தவர் அளவைக் கேட்காதீர்கள், கை உங்களுடையது. ராடின் அடியை அக்குளில் வைத்துக் கையை முன்னே நீட்டுங்கள். இயல்பாகப் பிடி விழும் இடத்தில் ரீலை இன்சுலேஷன் டேப்பால் கட்டி, கைடுகளையும் (நரம்பு ஓடும் வளையங்களையும்) தற்காலிகமாக ஒட்டி, ஈயம் போட்டு அரைவேகத்தில் வீசிப் பாருங்கள். இரண்டு அங்குலம் முன்னே பின்னே தள்ளிப் பார்த்தால் உடம்பே சொல்லிவிடும். அமெரிக்காவில் டென்னசி பிடி என்று ஒன்று உண்டு, சீட்டே கிடையாது, கார்க்கின் மேல் ரீலை டேப்பால் கட்டியே காலம் தள்ளுவார்கள். ஆகவே தயங்காதீர்கள்.

நட்டு பின்னால் இருக்கட்டும் என்பது என் கட்சி. கரை ராடில் வீசுகிற கை சீட்டின் முன்பகுதியை முறுக்குகிறது. நட்டு அங்கே இருந்தால் வீச வீசத் தளரும். ஏழடி ராடில் இந்தக் கவலை இல்லை. அங்கே நட்டை முன்னால் வைத்து மரையை முன்பிடிக்குள் மறைத்தால் விரலுக்குச் சுகம்.

புதுச்சேரி வாசகர்: அலுமினிய சீட் போட்டால் ஆயுள் கூடுமா?

அந்தமானில் பெரிய பாறை மீனோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்றால் போடுங்கள், பலம் கூடும், எடையும் கூடும். புதுச்சேரி கரைக்கு ஃபூஜி டிபிஎஸ் மாதிரி ஸ்டெயின்லெஸ் ஹூட் வைத்த கிராஃபைட் சீட் தாராளம். எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் ரீலைக் கழற்றி, சீட்டை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ரீலை மாட்டியபடியே மூலையில் சாத்தினால் நட்டு உப்பில் இறுகிப்போகும், அப்புறம் குறடு தேடுவீர்கள்.