‘கேள்வி எழவில்லை’

சென்ற இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, டெல்லியில் பதினாறு வருடம் இரண்டு எம்.பி.க்களுக்கு உதவியாளராக இருந்ததையும், அவர்கள் பெயரில் நாடாளுமன்றக் கேள்விகள் எழுதிக் கொடுத்ததுதான் என் பிழைப்பு என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், தபால் குவிந்துவிட்டது. ரயில்வே வேலை வாங்கித் தரச் சொன்ன மூன்று கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். மற்றவற்றில் சில இங்கே.

நாடாளுமன்றம் என்றாலே கூச்சலும் வெளிநடப்பும்தான். இதில் கேள்வியாவது, பதிலாவது?
– திண்டுக்கல் வாசகர்

நீங்கள் பார்ப்பது டி.வி.யில் வருகிற நாடாளுமன்றம். காகிதத்தில் நடக்கிற நாடாளுமன்றம் ஒன்று இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். மாநிலங்களவையில் 15-ம் 160-ம். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் பதில். அவ்வளவுதான் வித்தியாசம்.

கூச்சலில் சபை பத்தே நிமிடத்தில் ஒத்திவைக்கப்பட்டாலும் இந்த எழுத்துப் பதில்கள் அவையில் வைக்கப்பட்டுவிடும். வாய்மொழியாகச் சொல்ல நேரம் கிடைக்காத நட்சத்திரக் கேள்விகளின் பதிலும் அப்படியே எழுத்தில் வந்து சேரும். இருபதில் ஐந்தாறை எட்டினாலே அது நல்ல நாள். எனக்கு என்றைக்குமே நட்சத்திரமில்லாத கேள்விமேல்தான் பிரியம். கைதட்டல் கிடையாது, கேமரா கிடையாது. ஆனால் ஒரு துறையின் வாயிலிருந்து எண் ஒன்றைப் பிடுங்க அதைவிடத் தோதான கருவியை நான் பார்த்ததில்லை.

பதிலை அமைச்சரே எழுதுவாரா?
– ஒரு கல்லூரி மாணவி, மதுரை

இல்லையம்மா. ஒவ்வொரு அமைச்சகத்திலும் பார்லிமென்ட் செக்‌ஷன் என்று ஒன்று உண்டு. கேள்வி அங்கே வந்ததும், இது எந்தப் பிரிவின் தலையில் விழ வேண்டியது என்று முதலில் ஒரு சண்டை நடக்கும். யார் தலையில் விழுந்ததோ அந்தப் பிரிவு அதிகாரி வரைவு எழுதுவார். சார்புச் செயலர், இணைச் செயலர், செயலர் என்று கோப்பு ஏறி, கடைசியில் அமைச்சர் மேஜைக்குப் போகும்.

குறைந்தது முழுசாகப் பதினைந்து நாள் முன்னதாகக் கேள்விக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற விதி இந்த ஏற்றத்துக்குத்தான். கூட்டத்தொடர் நடக்கும்போது அந்த அறைகளில் யாருக்கும் லீவு கிடையாது. ‘உன் எம்.பி.யால் என் பிள்ளையின் பிறந்த நாளுக்குக் கூடப் போகவில்லை’ என்று ஓர் அதிகாரி கேன்டீனில் என்னிடம் அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறார். பாவம்தான். ஆனால் அந்த வரைவை எழுதியவரும் அவர்தான், அதில் நழுவச் சந்து வைத்தவரும் அவர்தான்.

நான் ஒரு கேள்வி கேட்க முடியுமா? எங்கள் எம்.பி.க்கு நான்கு பக்கம் கடிதம் போட்டேன், பதிலே இல்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர்

நான்கு பக்கம் என்பதால்தான் ஐயா. அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டியவன் என்னைப் போல ஒருவன். அவன் மேஜையில் அன்றைக்கு இன்னும் அறுபது கிடக்கும்.

கேள்வி 150 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது என்பது மக்களவை விதி. வாதம் கூடாது, கிண்டல் கூடாது, வசை கூடாது. ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற ஊகம் கூடாது, நீதிமன்றத்தில் இருக்கிற விவகாரம் கூடாது. மாநில அரசின் வேலையை மத்திய அமைச்சரிடம் கேட்கவும் கூடாது. நம் ஊர்க் கடிதங்களில் கிண்டலையும் வசையையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் ‘மதிப்பிற்குரிய’வும் ‘இப்படிக்கு’வும்தான் மிஞ்சும்!

ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எந்த அமைச்சகம், எந்தத் திட்டம், எந்த மாவட்டம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன எண் வேண்டும். உங்களிடம் ஆதாரம் இருந்தால் அதன் நகல். இவ்வளவு கையில் கிடைத்தால் எந்த உதவியாளனும் உங்களைக் கும்பிடுவான். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்களே. உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை, மாநிலங்களவை உறுப்பினரும் கேட்கலாம். ஆனால் வருகிற நோட்டீஸ்களைக் குலுக்கல் போட்டுத்தான் வரிசைப்படுத்துவார்கள். இந்த வாரம் விழவில்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி போட வேண்டும்.

கேள்வி கேட்பதில் அப்படி என்ன கலை இருக்கிறது? தெரிந்ததைக் கேட்க வேண்டியதுதானே?
– தென்காசி வாசகர்

நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். நடந்ததைச் சொல்கிறேன், துறையின் பெயர் வேண்டாம்.

ஒரு மத்தியத் திட்டத்தில் எங்கள் தொகுதி ஆட்களுக்கு முதல் தவணை வந்தது. இரண்டாவது தவணை வரவில்லை. சுவர் எழும்பி, கூரை இல்லாமல் நிற்கிற வீடுகள். எம்.பி.க்கு ஒரே கோபம். நான் எழுதிக் கொடுத்த கேள்வி இது:

‘(அ) பயனாளிகளுக்குத் தவணைத் தொகை தாமதமாவது அரசுக்குத் தெரியுமா? (ஆ) தெரியுமெனில் அதன் விவரம் என்ன? (இ) இதைச் சரிசெய்ய அரசு எடுத்த நடவடிக்கைகள் யாவை?’

பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பதில் வந்தது: ‘(அ) முதல் (இ) வரை: திட்டத்தை மாநில அரசுகளே செயல்படுத்துகின்றன. நிதி விடுவிப்பு ஒரு தொடர் நடவடிக்கை.’ தொடர்ந்து திட்டத்தின் பெருமையைப் பற்றி ஒன்றரைப் பக்கம். எங்கள் ஊர்ப் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அந்தக் காகிதத்தை நான் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியது, தலைமைச் செயலக வேலையில் தலை நரைத்து, அப்போது இன்னோர் எம்.பி.யிடம் உதவியாளராக இருந்த ஒரு பெரியவரிடம். அவர் சிரித்தார். ‘‘தம்பி, ‘தெரியுமா’ன்னு கேட்டா ‘தெரியாது’ன்னு சொல்ல ஒரு கதவு. ‘நடவடிக்கை யாவை’ன்னு கேட்டா கதை சொல்ல ஒரு கதவு. மூணு கேள்வியில நீயே ரெண்டு கதவு திறந்து வச்சிருக்கே. அவன் ஏன் ஜன்னல் வழியா குதிக்கப்போறான்?’’

அவரே பேனாவை எடுத்தார். அடுத்த கூட்டத்தொடரில் போன கேள்வி இப்படி இருந்தது: ‘(அ) மார்ச் 31 நிலவரப்படி, இந்த மாவட்டத்தில் முதல் தவணை பெற்று இரண்டாம் தவணை பெறாத பயனாளிகள் எத்தனை பேர்? (ஆ) அவர்களில் ஓராண்டுக்கு மேல் காத்திருப்போர் எத்தனை பேர்? (இ) மாநில அரசின் பயன்பாட்டுச் சான்றிதழ் அமைச்சகத்துக்குக் கிடைத்த தேதி எது? (ஈ) அடுத்த தவணை விடுவிக்கப்பட்ட தேதி எது?’

(இ)யைக் கவனியுங்கள். அதுதான் தூண்டில். கொடுத்த பணத்தைச் செலவழித்தோம் என்று மாநிலம் இந்தப் பயன்பாட்டுச் சான்றிதழை, டெல்லி பாஷையில் யு.சி.யை, அனுப்பினால்தான் மத்திய அரசு அடுத்த பணத்தை விடும். அதுவரை டெல்லியில் கேட்டால் ‘மாநிலம் யு.சி. அனுப்பவில்லை’ என்றார்கள். சென்னையில் கேட்டால் ‘எப்போதோ அனுப்பிவிட்டோம்’ என்றார்கள். இரண்டில் ஒன்று பொய். அதை எந்த விளக்கமும் இல்லாமல் ஒரே ஒரு தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

பதில் அரைப் பக்கம்தான் வந்தது, கூடவே ஓர் இணைப்பு அட்டவணை. யு.சி. டெல்லிக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. (ஈ)க்கு எதிரே ‘பரிசீலனையில் உள்ளது’. எம்.பி. அந்தத் தாளை மட்டும் நகல் எடுத்து, ஒரு வரிக் கடிதத்தோடு அமைச்சருக்கு அனுப்பினார். ஆறு வாரத்தில் பணம் போனது. எல்லோருக்கும் இல்லை. அட்டவணையில் பெயர் விட்டுப்போன ஒரு கிராமத்துக்கு இன்னொரு வருடம் ஆனது, அது தனிக் கதை.

‘தகவல் இல்லை’ என்று அரசே சொல்லிவிட்டால் என்ன செய்ய முடியும்?
– ஈரோடு வாசகர்

வேறு கதவைத் தட்ட வேண்டும். 2020 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். கொரோனாவால் அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து. எழுத்துக் கேள்விகள் மட்டும் இருந்தன. ஊரடங்கின்போது ஊர் திரும்புகையில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று மக்களவையில் தொழிலாளர் அமைச்சகத்திடம் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது பதில். ஆகவே இழப்பீடு பற்றிய ‘கேள்வி எழவில்லை’. ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பியதாக அதே அமைச்சகத்திடம் கணக்கு இருந்தது. இறந்தவர்கள் கணக்கு மட்டும் இல்லை.

சில நாள் கழித்து மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சரிடம், அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் நேர்ந்த மரணங்களைப் பற்றி மட்டும் கேட்டார்கள். ரயிலில் ஒருவர் இறந்தால் போலீஸில் பதிவாகும், பிரேதப் பரிசோதனை நடக்கும். அதனால் எண் இருந்தே ஆக வேண்டும். இருந்தது. செப்டம்பர் 9 வரை 97 பேர்.

சாலையில் நடந்தே செத்தவர்கள் இந்த 97-இல் இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும், ‘தரவே இல்லை’ என்ற ஒரு அரசாங்கத்திடமிருந்து ஒரே வாரத்தில் ஓர் எண் வெளியே வந்தது. எந்தத் துறை, எந்தப் பதிவேட்டில், எதை எழுதி வைத்தே தீர வேண்டும் என்று யோசித்துக் கேட்டதன் பலன் அது.

‘குறிப்பாக’ என்ற சொல்லின்மீதும் ஒரு கண் இருக்கட்டும். 2021 ஜூலையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று மாநிலங்கள் ‘குறிப்பாகத் தெரிவிக்கவில்லை’ என்று சுகாதார அமைச்சகம் சொன்னது. மறுநாள் நாடே கொதித்தது. அந்தப் பதிலில் யாரும் சாகவில்லை என்று எங்கேயும் இல்லை. எங்களுக்கு அப்படி எழுதி வரவில்லை என்றுதான் இருந்தது.

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ – இது தட்டிக்கழிப்பதுதானே?
– நாகர்கோவில் வாசகர்

பாதி அப்படித்தான். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதிய நிமிடமே துறை ஒரு வலையில் காலை வைத்துவிடுகிறது. அது ‘உறுதிமொழி’யாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைப் பின்தொடரவே அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று மக்களவையில் 1953 முதல் இருக்கிறது. மாநிலங்களவையில் 1972-இல் வந்தது. துறைகள் அவகாசம் கேட்டுக் கேட்டு வருடக்கணக்கில் இழுப்பதும் நடக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதற்குள் நாம் மறந்துவிடுவோம் என்பதே அவர்கள் நம்பிக்கை. என் மேஜை இழுப்பறையில் ஒரு நீல நோட்டு உண்டு, ஒவ்வொரு ‘திரட்டப்பட்டு வருகிறது’வுக்கும் ஒரு வரி. மூன்று மாதம் முடிந்த அன்று எம்.பி.யிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கடிதம் போய்விடும்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கும்போது எம்.பி. தயவு எதற்கு?
– சேலம் வாசகர்

இரண்டும் வேண்டும். ஆர்.டி.ஐ. என்கிற அந்தச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில், யார் தயவும் வேண்டாம். ஆனால் அதில் பதில் சொல்கிறவர் ஒரு பொதுத் தகவல் அலுவலர், கோப்பில் இருக்கும் காகிதத்தைத் தருவார். நாடாளுமன்றப் பதிலில் அமைச்சர் மாட்டிக்கொள்கிறார். தெரிந்தே தப்பாகச் சொன்னால் அது அவையின் உரிமை மீறல். அதனால் நான் ஆர்.டி.ஐ.யில் காகிதத்தை வாங்கிக்கொண்டு, அந்தக் காகிதத்தை வைத்துக் கேள்வி எழுதச் சொல்வேன். பழைய பதில்களெல்லாம் நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடக்கின்றன. யாரும் தேடிப் படிக்கலாம்.

ஒரு கேள்வியால் எந்த அமைச்சராவது பதவி இழந்திருக்கிறாரா? கேள்வி கேட்கக் காசு வாங்குகிறார்கள் என்றும் சொல்கிறார்களே?
– தாம்பரம் வாசகர்

இரண்டுக்கும் ஆம். காசு வாங்கியதாக ரகசியக் கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்களை 2005 டிசம்பரில் இரு அவைகளும் நீக்கின.

அமைச்சர் என்றால், நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1957-இல் எல்.ஐ.சி. பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் போனது. அவையில் இதைப் பற்றிக் கேள்வி கிளம்பியது. ஆளுங்கட்சிக்காரரும் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி பிடித்த பிடியை விடவில்லை. சாக்ளா கமிஷன் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

இதில் ஒரு வேடிக்கை. 1951-இல், பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் காசு வாங்கிக்கொண்டு நாடாளுமன்றத்தில் அவர்களுக்காக வேலை பார்த்ததாக எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர் மாட்டினார். கேள்விகள் கேட்டதும் அதில் சேர்த்தி. அதை விசாரித்த குழுவுக்குத் தலைவர் இதே டி.டி.கே.தான்!