புது பவர்பேங்க், வாட்ச், டேக்: மலைக்குக் கொண்டு போனால் தாங்குமா?

கம்பம், குமுளி வட்டாரத்துக்காரங்க புதுசா வாங்கின சாமான்களைப் பத்தி நிறையக் கேட்டிருந்தீங்க. நானே மலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததையும், கடைக்கு ரிப்பேருக்கு வந்ததில் தெரிஞ்சதையும் வச்சுப் பதில் சொல்றேன்.

கம்பத்தில் இருந்து: அண்ணே, தினமும் ஜீப்புல ஏலத்தோட்டத்துக்குப் போறேன். 20000 எம்ஏஎச் பவர்பேங்க் வாங்கினேன். போன் பேட்டரி 5000. நாலு தடவை ஏறணும்ல? ரெண்டரை தடவைக்கு மேல ஏறல. டூப்ளிகேட்டா?

இல்ல தம்பி, நல்ல பவர்பேங்க்கும் அவ்வளவுதான் தரும். அந்த 20000 உள்ளே இருக்கிற செல்லோட கணக்கு, 3.7 வோல்ட்டில் போட்டது. வெளியே வரும்போது 5 வோல்ட்டாவோ 9 வோல்ட்டாவோ ஏத்தணும், போனுக்குள்ள போய் மறுபடி இறக்கணும். ரெண்டு இடத்திலும் கொஞ்சம் சூடாகவே போயிடும். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 12000 சொச்சம் போட்டிருக்கும், அதுதான் உங்களுக்குக் கிடைக்கிறது. டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கத் தராசில் வச்சுப் பாருங்க. 300 கிராம்கூட இல்லாத 20000 என்றால் சந்தேகப்படணும். பின்பக்கம் 'ஆர்' எழுத்தில் தொடங்குற பதிவு எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸோட 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி பேரில் பதிவு என்று காட்டும். பெட்டியில் இருக்கிற பேரும் அதுவும் ஒத்து வரணும்.

இன்னொண்ணு, மலையில் போன் சார்ஜ் வேகமா இறங்குறதுக்கு டவரும் ஒரு காரணம். சிக்னல் மங்கின இடத்தில் போன் கூடுதல் பவர் போட்டு டவரைத் தேடிக்கிட்டே இருக்கும். சிக்னலே வராத தோட்டத்தில் ஏரோப்ளேன் மோடில் போட்டு வச்சுப் பாருங்க, சாயங்காலம் வித்தியாசம் தெரியும்.

குமுளியில் இருந்து: ஊசி குத்தாம சுகர் பாக்குற வாட்ச்சுன்னு 2500 ரூபாய்க்கு விளம்பரம் வருது. அப்பாவுக்கு வாங்கலாமா தம்பி? அவர் இன்சுலின் போடுறாரு.

வாங்காதீங்க அக்கா. ஏற்கெனவே வாங்கியிருந்தா அதில் காட்டுற சுகர் எண்ணை நம்பி ஒரு யூனிட்கூட ஏத்தவோ இறக்கவோ வேண்டாம். தோலைக் குத்தாமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டிருக்கு. வாட்ச்சின் அடியில் எரியும் பச்சை விளக்கு தோலுக்குக் கீழே ரத்தம் துடிக்கும்போது திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்க்குது. அதை வச்சு நாடித் துடிப்பை ஓரளவு சரியாச் சொல்லலாம். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அதால் சொல்ல முடியாது. மலிவு வாட்ச் சிலதைச் சுருட்டின துண்டில் கட்டினால்கூடத் துடிப்பு காட்டும், நீங்களே கட்டிப் பாருங்க.

கையில் ஒட்டிக்கிற சென்சார் வேற. அதில் மெல்லிய இழை ஒண்ணு தோலுக்குள்ள இருந்து அளக்கும். சில மாடல் 14 நாள் வரைக்கும் தாங்கும். அதோட எண்ணை வாட்ச்சில் பார்க்கலாம்தான், ஆனால் அளக்கிறது வாட்ச் இல்லை. செலவு அதிகம், டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. அந்த 2500 ரூபாய்க்கு நல்ல குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் வாங்கி வச்சுக்கலாம். சுகர் இறங்கிக் கிடக்கும்போது வாட்ச் 'கூடுதல்'னு காட்டி, அதை நம்பி அப்பா ஊசி போட்டுக்கிட்டா என்ன ஆகும்? அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

பிரஷரும் கையில் பட்டை கட்டி அளக்கிற மெஷினில்தான் பார்க்கணும். பிரஷர் காட்டும் சாம்சங் வாட்ச்சையே 28 நாளைக்கு ஒருமுறை அந்த மெஷினோடு ஒப்பிட்டுச் சரிபண்ணச் சொல்றாங்க.

வண்டிப்பெரியாறு: மாடு மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பல, தேடியே பொழுது போகுது. ஏர்டேக் மாதிரி டேக்கைக் கழுத்துல கட்டினா இடம் காட்டுமா சேட்டா?

பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்னால் காட்டும், தேயிலைக்காட்டுக்குள்ள போனால் காட்டாது. அதுக்குள்ள ஜிபிஎஸ் கிடையாது. ப்ளூடூத்தை வச்சுத்தான் வேலை செய்யுது. பக்கத்தில் யாராவது ஒருத்தர் போன் வந்தால்தான் அந்தப் போன் மூலமா இடம் தெரியும். காட்டோரத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் யார் போனோடு நிக்கப்போறாங்க? சிம் போடுற ஜிபிஎஸ் கருவி வேணும், அதுக்கும் மாடு மேயுற இடத்தில் டவர் இருக்கணும். வாங்கினதும் திருப்பி அனுப்புற கெடு முடியுறதுக்குள்ள அந்த மேட்டுக்கே கொண்டுபோய் வச்சுட்டு, வீட்டில் இருந்து பாருங்க.

போடி: ஐபி68 போன், மழையில நனையலாம்னு கடையில சொன்னாங்க. போடிமெட்டு ஏறுறப்ப நனைஞ்சு சார்ஜ் ஏற மாட்டேங்குது. அரிசிக்குள்ள போடவா?

அரிசி வேண்டாம். தூளும் உமியும் சார்ஜ் ஓட்டைக்குள்ள போகும், ஆப்பிளே கூடாதுன்னு சொல்லியிருக்கு. ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி பிடிச்சு உள்ளங்கையில் மெதுவாத் தட்டி, ஃபேன் காத்தில் வச்சுடுங்க. ஈர எச்சரிக்கை போகிற வரைக்கும் கேபிள் சொருகாதீங்க. ஐபி68 சோதனை எல்லாம் புதுப் போனை நல்ல தண்ணியில் அசையாம முக்கிச் செய்றது. சோப்புத் தண்ணி, வெந்நீர் ஆவி, கீழே விழுந்து விரிசல் விட்ட போன், இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. தண்ணி புகுந்தால் வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது. மழைக்காலத்தில் ஒரு ஜிப் கவர் போட்டுக்கிட்டே போங்க.

சின்னமனூர்: 1 டிபி மெமரி கார்டு 400 ரூபாய். நிஜமா?

பொய். உள்ளே 16 ஜிபியோ 32 ஜிபியோதான் இருக்கும். நிறைஞ்சதும் பழைய படங்கள் மேலேயே எழுதி அழிச்சுடும். எந்தக் கார்டு வாங்கினாலும் கல்யாண வீடியோ எடுக்கப் போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்கிற கார்டு சோதிக்கும் சாப்ட்வேரைப் போட்டு முழுசா நிரப்பிப் பாருங்க.

பீர்மேடு: எஸ்டேட் லயத்து வீட்டுல அடிக்கடி கரண்ட் போகுது. சோலார் பவர்பேங்க் உதவுமா?

முதுகில் ஒட்டின அந்தச் சின்னத் தகடு நல்ல வெயிலில் ஒரு வாட், ஒன்றரை வாட் தரும். 10000 எம்ஏஎச் என்பது 37 வாட் அவர். உச்சி வெயிலே 25 மணி நேரத்துக்கு மேல வேணும். பீர்மேட்டு மழைக்காலத்தில் அதை நம்பவே முடியாது. வெயிலில் காய வச்சால் பேட்டரியும் கெடும், உப்பினால் ஆபத்து. சாதா பவர்பேங்க் ரெண்டு வாங்கி, கரண்ட் இருக்கும்போதே நிரப்பி வச்சுக்குங்க.

கூடலூர்: திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் ப்ளக் போட்டு வீட்டுல இருந்தே ஆஃப் பண்ணலாமாண்ணே?

த்ரீ பேஸ் மோட்டாருக்கு அது ஆகவே ஆகாது. அது ஒரே பேஸுக்குச் செஞ்ச சாமான். வீட்டு கீசருக்குப் போடலாம், 2000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குள்ளதான் இழுக்கும். மோட்டாருக்கு சிம் போடுற மொபைல் ஸ்டார்ட்டர் வாங்குங்க. வாங்கும்போது 2ஜியா 4ஜியா என்று கேளுங்க. 2ஜி ஸ்டார்ட்டரில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. முதல்ல உங்க போனைக் கிணத்து மேட்டில் வச்சு எந்த சிம்முக்கு டவர் நிக்குதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் ஸ்டார்ட்டர். ஒரு பேஸ் போனாலும், கிணத்தில் தண்ணி வத்தினாலும் தானா நிறுத்துற வசதி உள்ளதையே எடுங்க.