‘எங்கள் பிதாக்கள்’ என்று சொல்வது யார்?

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதபாடம் எடுப்பது அவருடைய முறை. கொடுக்கப்பட்ட பகுதி எரேமியா 16:19. நேரம் 20 நிமிடம். "பொய்க்கும் விக்கிரகத்துக்கும் என்ன சம்பந்தம்? முன்னோர் பொய் என்பது பரம்பரைச் சாபம்தான், அதை முறிக்கத் தனி ஜெபம் வேண்டும் என்கிறார் சபையில் ஒரு பெரியவர். சரியா? இன்னொன்று, என் அம்மா இன்றும் இந்துதான். அந்த வாரம் எங்கள் வீட்டில்தான் இருப்பார், ஹாலில் உட்கார்ந்து கேட்பார். அவர் மனம் புண்படாமல் எப்படிப் பேசுவது?"

மூன்று கேள்விக்கும் பதில் ஒரே வசனத்துக்குள் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம். புறஜாதிகள் பூமியின் கடையாந்தரங்களிலிருந்து வந்து, "மெய்யாகவே, எங்கள் பிதாக்கள் பிரயோஜனமில்லாத பொய்யையும் மாயையையும் கைப்பற்றினார்கள்" என்பார்கள். ‘கைப்பற்றினார்கள்’ என்று நம் பழைய வேத மொழிபெயர்ப்பு சொல்கிற இடத்தில், எபிரெயத்தில் இருப்பது ‘நாகல்’ என்ற வினை. சுதந்தரமாகப் பெற்றார்கள், அதாவது சொத்தாக அடைந்தார்கள் என்று பொருள். முந்தின வசனத்தில் கர்த்தர் தம்முடைய தேசத்தை ‘என் சுதந்தரம்’ என்கிறாரே, அதுவும் இதே வேரில் பிறந்த சொல்தான். நிலத்துக்குச் சொல்கிற வார்த்தையைப் பொய்க்குச் சொல்கிறார் எரேமியா.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாதவரம் பக்கம் ஒருவருக்கு அப்பா வழியில் ஒரு கிரவுண்டு வருகிறது என்று வையுங்கள். வரி கட்டுகிறார், வேலி போடுகிறார், வேப்பங்கன்று நடுகிறார். மகள் கல்யாணத்துக்கு விற்கப் போகும்போது வாங்க வந்தவர் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்க்கிறார், தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார். அப்போதுதான் தெரிகிறது, தாத்தா காலத்துப் பத்திரமே போலி. இவர் கள்ளக் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் 40 வருடமாக அந்தக் கையெழுத்தின் மேல்தான் குடியிருக்கிறார். இதுதான் வாரிசாக வந்த பொய். (எரேமியாவுக்குப் பத்திரம் புதிதல்ல. ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கி, முத்திரை போட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னவர் அவர். 32-ஆம் அதிகாரம்.)

சரி, இதில் விக்கிரகம் எங்கே வருகிறது? ‘பொய்’ என்று இந்த வசனத்தில் இருக்கிற எபிரெயச் சொல் ‘ஷெக்கெர்’. எரேமியா இந்த ஒரே சொல்லை வார்ப்பித்த சிலைக்கும் சொல்வார், பொய் ஆணைக்கும் சொல்வார், கள்ளத் தீர்க்கதரிசி அனனியாவின் இனிப்பான பேச்சுக்கும் சொல்வார். அவர் பார்வையில் அவை வேறு வேறு பாவங்கள் அல்ல. 9-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். தொடக்கத்தில் அண்டை வீட்டாரை ஏமாற்றுகிறவர்கள், பொய் பேசத் தங்கள் நாவைப் பழக்குகிறவர்கள். 14-ஆம் வசனத்துக்கு வந்தால், பிதாக்கள் கற்றுக்கொடுத்தபடி பாகாலைப் பின்பற்றுகிறவர்கள். இருவரும் ஒரே ஆட்கள். இல்லாததை இருக்கிறது என்று நாக்கு சொன்னால் பொய், அதையே கை செய்து நிறுத்தினால் விக்கிரகம். ஆமோஸ் இன்னும் சுருக்கமாக முடித்துவிடுகிறார். யூதா மக்கள் தங்கள் பிதாக்கள் பின்பற்றின ‘பொய்களினால்’ மோசம்போனார்கள் என்கிறார் (2:4). அந்தப் பொய்கள் விக்கிரகங்களே என்றுதான் பலரும் பொருள் கொள்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் நிகுஸ்தான். வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்குப் பிற்காலத்தில் வந்த பெயர் அது. அந்தச் சர்ப்பம் பொய்யல்ல, கர்த்தர் சொல்லிச் செய்தது (எண்ணாகமம் 21). அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல தலைமுறை கழித்து எசேக்கியா ராஜா காலத்தில் பார்த்தால், ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் அதை உடைத்துப் போட்டான் (2 இராஜாக்கள் 18:4). யோசித்துப் பாருங்கள், மோசேயின் கைபட்ட பொருள்! இன்று யாராவது கை வைத்தால் கமிட்டி கூடி அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். சபைக்குள்ளேயே பிறந்து, ஒரு காலத்தில் மெய்யாக இருந்ததுகூடப் பொய்யாகிப் போகும். எருசலேம் ஆலயத்துக்கும் அதே கதிதான். "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டதைப் ‘பொய்வார்த்தைகள்’ என்கிறார் எரேமியா (7:4). ஆலயம் அங்கே இருந்தது உண்மைதான். திருடிவிட்டு, பொய்யாணை இட்டுவிட்டு, உள்ளே வந்து நின்றால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கைதான் பொய்.

பரம்பரைச் சாபம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியை இனிச் சொல்ல வேண்டாம் என்று எசேக்கியேல் 18 தெளிவாக நிறுத்துகிறது. பிள்ளைமேல் குற்றம் விழுவது எப்போது? பத்திரம் போலி என்று தெரிந்த பிறகும் அதைக் காட்டி விற்கும்போது. அதற்குத் தேவை மனந்திரும்புதல். அந்தப் பெரியவர் சொல்லும் முறிக்கும் ஜெபம் எரேமியா 16-இல் இல்லை.

இனி அம்மா விஷயம். ‘எங்கள் பிதாக்கள்’ என்று அந்த வசனத்தில் சொல்வது யார்? தங்கள் சொந்த முன்னோரைப் பற்றி, தாங்களாகவே வந்து, சொந்த வாயால் அறிக்கை செய்கிறவர்கள். ‘உங்கள் பிதாக்கள்’ என்று அடுத்த வீட்டை நோக்கி யாரும் விரல் நீட்டவில்லை. எரேமியா ஊழியத்தின் பெரும்பகுதி சொந்த ஜனத்தைத்தான் கண்டித்தார், அதற்காக அடியும் வாங்கினார். ஆகவே உங்கள் 20 நிமிடத்தில் உதாரணத்துக்கு அம்மா வீட்டுப் பூஜையறைக்குப் போகாதீர்கள், நம் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். தேட அதிக நேரம் ஆகாது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். 190 வருடம் தாண்டியும் நம் கிறிஸ்தவ வரன் விளம்பரங்களில் ‘ரட்சிக்கப்பட்ட’ என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், "எங்க குடும்பத்துல அப்படித்தான், தாத்தா காலத்துலேருந்து" என்பார்கள். எரேமியா சொன்னதை இதைவிட நன்றாக யாரும் மொழிபெயர்க்க முடியாது.

ஏசாயா 44-ஐ இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். பாதி மரத்தை எரித்துக் குளிர்காய்ந்து மீதியைக் கும்பிடுகிறவனைப் பற்றிய அந்தப் பகுதியை வைத்து, ஆரம்ப காலத்தில் வடசென்னையில் ஒரு சபையில் நான் நையாண்டியாகச் செய்தி கொடுத்தேன். நல்ல சிரிப்பு. முடிந்ததும் வயதான தச்சர் ஒருவர் கைகொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, அவன் ‘என் வலதுகையிலே’ இருக்கிறது பொய்யில்லையான்னு கேட்கலைன்னு போட்டிருக்கே. உங்க வலது கையில என்ன இருந்தது?" மைக்கும், கைதட்டலும். அவரிடம் சொல்லவில்லை.

9-ஆம் அதிகாரத்தின் முதல் 14 வசனங்களை வாசிக்கவே சில நிமிடம் போய்விடும். நிகுஸ்தானுக்கு ஐந்து நிமிடம் வையுங்கள், மீதி 16:19-க்கு. வசனத்தை வாசிக்கும்போது ‘எங்கள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தி வாசியுங்கள். அம்மா ஏதாவது கேட்டால், கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது பேசிக்கொள்ளலாம்.