லேட்டரல் மாஸ்ஃபெட் போட்ட ஆம்பிளிஃபையர் எரியவே எரியாது என்கிறார்களே, உண்மையா?

அவுட்புட் போன ஆம்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

பாதி உண்மை. 1970களின் பிற்பகுதியில் ஹிட்டாச்சி ஆடியோவுக்கென்றே கொண்டுவந்த டிரான்சிஸ்டர் வகை இது. சாதாரண டிரான்சிஸ்டர் சூடு ஏற ஏறக் கரண்டைக் கூடுதலாக இழுத்துத் தன்னையே எரித்துக்கொள்ளும். இதுவோ சுமார் 100 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், சூட்டில் தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். இதை நம்பித்தான் நான் அலட்சியமாக இருந்தேன்.

2014இல் மைக்செட் வைத்திருக்கும் நண்பர் ஒரு செட்டைக் கொண்டுவந்தார். உள்ளே கே1058, ஜே162 என்ற லேட்டரல் மாஸ்ஃபெட் ஜோடி. ஒரு சேனல் அவுட். ஆன்லைனில் வாங்கி மாற்றினேன், ஆன் செய்ததும் பியூஸ் போனது. மறுபடி வாங்கினேன், மறுபடி போனது. அப்புறம்தான் புத்தி வந்து, மிச்சமிருந்த ஒரு கே1058ஐ மல்டிமீட்டரில் டயோடு வைத்துப் பார்த்தேன். மாஸ்ஃபெட்டுக்குக் கேட், சோர்ஸ், டிரெயின் என்று மூன்று கால். ஒரிஜினலில் நடுக்கால் சோர்ஸ். சிவப்பை நடுக்காலிலும் கருப்பை மூன்றாவது காலிலும் வைத்தால் டயோடு காட்டும். எனக்கு வந்தது தலைகீழாகக் காட்டியது. நடுக்கால் டிரெயினாக இருக்கும் ஏதோ ஸ்விட்சிங் மாஸ்ஃபெட்டில் நம்பரை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். அதைப் போட்டால் உள்ளிருக்கும் டயோடு வழியாகவே சப்ளை நேராகப் பாயும். பியூஸ் போகாமல் என்ன செய்யும்?

நல்லதைத் தேடிப் பிடித்துப் போட்டும், பாட்டு போடாமலே ஹீட்சிங்க் கொதித்தது. அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பை வைத்தால், காதுக்கே கேட்காத மெகாஹெர்ட்ஸில் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது! எனக்கு முன்னால் கை வைத்தவர் கேட் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நீள ஒயரில் இழுத்திருந்தார். 220 ஓம் ஒன்றைக் கேட் காலை ஒட்டியே சால்டர் செய்ததும் அடங்கியது.

'ஒரு செட்டை வைத்துக்கொண்டு பேசாதே' என்று சிலர் வருவீர்கள். சரி, கரண்டு எகிறாமல் தடுக்கும் சீரிஸ் பல்பு போடாமல் ஆன் செய்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த செட்டில் மாஸ்ஃபெட் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனக்கு வயிறெரிவது வேறு விஷயத்தில். பழைய செட்டுகள் சிலவற்றில் மூடியைத் திறந்தால் உள்ளேயே சர்க்யூட் ஒட்டியிருக்கும். இப்போது சில கம்பெனிக்காரர்கள் ஐசி நம்பரையே சுரண்டி அனுப்புகிறார்கள். போன வாரம் அப்படி ஒன்று வந்தது. அதன் சொந்தக்காரர் 'எப்பண்ணே கிடைக்கும்' என்று இதுவரை நாலு தடவை போன் செய்துவிட்டார்.